தாய்வழி எச்.ஐ.வி.யும் பிள்ளைகளின் நீண்ட வாழ்வும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

நம் பிள்ளைகள் படித்தே ஆக வேண்டும் என்னும் ஒரே எண்ணத்தோடு தொடங்கப்பெற்ற இச்சங்கம் இன்று இருபத்தைந்தாம் ஆண்டை நிறைவு செய்கிறது. இந்நன்னாளில், தாய்வழி எச்.ஐ.வி.யால் பாதிக்கப்பட்ட குழந்தைகள், இளைஞர்கள் ஆகியோரின் உடல்நலம் பற்றி உலகில் நடைபெற்றுவரும் நெடுங்கால ஆய்வுகளைக் குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். நோயைப் பற்றிய பேச்சு கல்விச் சங்க விழாவில் எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். பள்ளிக்கு வரும் பிள்ளை ஏன் சில நாள் வரவில்லை, ஏன் அடிக்கடி சோர்ந்து போகிறது, ஏன் பேச்சுத் தாமதமாகிறது, ஏன் பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது என்னும் கேள்விகளுக்கு விடை தேடுவோர் உடல்நலத்தை விட்டுவிட்டுக் கல்வியை மட்டும் பேச இயலாது. ஆதலால் இப்பொருள் இம்மேடைக்கு உரியதே என்று கருதுகிறேன்.

முதலில் அடிப்படைச் செய்தி சிலவற்றைக் கூறிவிடுகிறேன். எச்.ஐ.வி. கிருமி உள்ள தாயிடமிருந்து கருவுற்ற காலத்திலோ, மகப்பேற்றின் போதோ, தாய்ப்பாலின் வழியாகவோ குழந்தைக்குக் கிருமி செல்லக்கூடும். செல்லக்கூடும் என்றுதான் சொன்னேன். சென்றே தீரும் என்று சொல்லவில்லை. எவ்வித மருத்துவமும் இல்லாத நிலையிலும் நூறு குழந்தைகளில் 15 முதல் 45 குழந்தைகளுக்கே கிருமி தொற்றுகிறது. தாய் தொடர்ந்து மருந்து உட்கொண்டு, அவள் குருதியில் கிருமியின் அளவு மிகத் தாழ்ந்துவிட்டால் இந்த எண்ணிக்கை ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. பிரான்சு நாட்டில் 2000 முதல் 2011 வரை நடந்த பேறுகளை ஆராய்ந்தபோது, கருவுறுவதற்கு முன்பே மருந்து தொடங்கி, மகப்பேற்றின் போது கிருமி அளவிட முடியாத நிலையில் இருந்த தாய்மார்க்குப் பிறந்த 2,651 குழந்தைகளில் ஒரு குழந்தைக்குக்கூடத் தொற்று ஏற்படவில்லை. இவ்வுண்மை ஒன்றை மட்டும் நீங்கள் இன்று வீட்டுக்கு எடுத்துச் சென்றாலும் என் உரை பயனுடையதாகும்.

தாய்வழி எச்.ஐ.வி.யால் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் என்று சொல்லும்போது மூவகையினரை நாம் மனத்தில் கொள்ள வேண்டும். கிருமியோடு பிறந்து, மருந்தின் துணையால் வளர்ந்து வருவோர் ஒரு வகையினர். உலகில் 2023-ஆம் ஆண்டில் பதினான்கு வயதுக்கு உட்பட்ட இத்தகைய குழந்தைகள் ஏறத்தாழ 14 இலட்சம் பேர் இருந்ததாக ஐக்கிய நாடுகளின் எய்ட்ஸ் திட்டம் மதிப்பிட்டுள்ளது. தாய்க்குக் கிருமி இருந்தும் தாம் தொற்றில்லாமல் பிறந்தோர் இரண்டாம் வகையினர். இவர்கள் ஏறத்தாழ ஒரு கோடியே அறுபது இலட்சம் பேர். தாய்தந்தையரை இழந்தோ, நோயுற்ற பெற்றோரைப் பேணிக்கொண்டோ, இளவயதிலேயே குடும்பச் சுமையைத் தோளில் ஏற்றோர் மூன்றாம் வகையினர். மருத்துவ நூல்கள் நெடுங்காலம் முதல் வகையினரைப் பற்றியே பேசின. மற்ற இருவகையினரும் நலமாய் இருப்பதாகவே கருதப்பட்டனர். அது முழு உண்மையன்று என்பதை நெடுங்கால ஆய்வுகளே காட்டின.

ஆய்வு தொடங்கிய வரலாறு

எய்ட்ஸ் என்று பின்னர்ப் பெயர் பெற்ற நோய் பற்றிய முதல் அறிக்கை 1981 சூன் திங்களில் அமெரிக்காவில் வெளியாயிற்று. அடுத்த ஆண்டின் இறுதியிலேயே கைக்குழந்தைகளுக்கும் இந்நோய் காணப்படுவதாக அறிவிப்பு வந்தது. கிருமி 1983-இல் பாரிசு நகரில் கண்டறியப்பட்டது. இந்தியாவில் இக்கிருமி முதன்முதலாக 1986-இல் நம் சென்னையிலேதான் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவர் சுனிதி சாலமன் அவர்களும், அவரிடம் பயின்ற மாணவியான செல்லப்பன் நிர்மலா அவர்களும் குருதி மாதிரிகளைச் சேகரித்து ஆராய்ந்து இதனை வெளிப்படுத்தினர். நாடே நம்ப மறுத்த ஓர் உண்மையை வெளிக்கொணர்ந்ததில் ஒரு மாணவியின் உழைப்புக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை இங்குள்ள மாணவியர் நினைவில் கொள்ள வேண்டும்.

1994-ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்புமுனை. அமெரிக்காவிலும் பிரான்சிலும் கருவுற்ற தாய்மாரைக் கொண்டு நடத்தப்பெற்ற ஓர் ஆய்வில், சிடோவுடின் என்னும் மருந்தைத் தாய்க்குக் கருக்காலத்திலும் மகப்பேற்றின் போதும், குழந்தைக்கு ஆறு வாரமும் கொடுத்தபோது, தொற்றும் அளவு நூற்றுக்கு 25.5 என்பதிலிருந்து 8.3 ஆகக் குறைந்தது. அதுவரை கைகட்டி நின்ற மருத்துவ உலகம் நிமிர்ந்து நின்றது. உகாண்டாவில் 1999-இல், விலை மலிவான நெவிரப்பின் மருந்தைத் தாய்க்கு ஒரு முறையும் சேய்க்கு ஒரு முறையும் கொடுத்தாலே தொற்று ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்று காட்டினர்.

வெற்றி கிடைத்த அந்நாளிலேயே அறிஞர் சிலர் மற்றொரு கேள்வியை எழுப்பினர். நூறு தாய்மார்க்கு மருந்து கொடுக்கிறோம். அதனால் பதினேழு குழந்தைகள் தொற்றிலிருந்து தப்புகின்றனர். மருந்து இல்லாவிட்டாலும் தொற்றுக்கு ஆளாகியிரார் என்னும் நிலையில் இருந்த எழுபத்தைந்து குழந்தைகளும் அல்லவா கருப்பையில் அம்மருந்தைப் பெறுகின்றனர்? அவர்களுக்குப் பத்தாம் வயதிலோ இருபதாம் வயதிலோ என்ன நேரும்? இக்கேள்விக்கு ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து விடை காண இயலாது. அக்குழந்தைகளோடு கூடவே ஆண்டுக்கணக்கில் நடந்து சென்றுதான் விடை காண வேண்டும். நெடுங்கால ஆய்வு என்பதன் பொருள் இதுவே.

அமெரிக்காவில் 1993-இல் இத்தகைய தொடராய்வு ஒன்று தொடங்கப்பெற்றது. அதன் வழியில் 2005-இல் குழந்தைகளுக்கான எச்.ஐ.வி. நெடுங்கால ஆய்வுத் திட்டம் ஒன்று அந்நாட்டின் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் பொருளுதவியால் உருவாயிற்று. அதன் ஒரு பிரிவு, கிருமியோடு பிறந்த ஏறத்தாழ 450 சிறுவர் சிறுமியரையும், அதே சூழலில் கிருமியின்றிப் பிறந்த ஏறத்தாழ 230 பேரையும் பதின்பருவம் முழுவதும் தொடர்ந்தது. மற்றொரு பிரிவு, கருவில் மருந்தைப் பெற்றுக் கிருமியின்றிப் பிறந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளைத் தொடர்ந்தது. உயரம், எடை, இதயம், எலும்பு, செவிப்புலன், பேச்சு, கற்கும் திறன், மனநலம் என்று ஒவ்வொன்றும் குறித்த காலத்தில் அளக்கப்பட்டது. அன்று சிறுவராய் இருந்தவர்கள் இன்று இருபதுகளையும் முப்பதுகளையும் எட்டியுள்ளனர். அவர்களுட் சிலர் தாமே தாய்மார் ஆகியுள்ளனர். பிறந்த ஆண்டைக் கடக்கமாட்டார்கள் என்று ஒரு காலத்தில் கைவிடப்பட்ட குழந்தைகள் இவர்கள்.

ஆய்வுகள் கற்பித்தவை

இந்த நெடிய உழைப்பால் உலகம் கற்றவற்றுள் முதன்மையானது, காலந்தாழ்த்தாமை. மருத்துவம் கிடைக்காத ஆப்பிரிக்கக் குழந்தைகளில், தொற்றோடு பிறந்தவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இரண்டு வயதுக்குள் இறந்தனர் என்று 2004-இல் வெளியான தொகுப்பாய்வு காட்டியது. அப்படியிருந்தும், நோய்க்குறி தெரிந்த பிறகே மருந்து தொடங்கலாம் என்பதே அக்கால வழக்கம். தென்னாப்பிரிக்காவில் சொவெட்டோவிலும் கேப்டவுனிலும் 377 கைக்குழந்தைகளைக் கொண்டு இவ்வழக்கம் சோதிக்கப்பட்டது. உடனே மருந்து தொடங்கிய 252 குழந்தைகளில் 10 பேர் இறந்தனர். காத்திருந்து தொடங்கிய 125 குழந்தைகளில் 20 பேர் இறந்தனர். 2008-இல் இம்முடிவு வெளியானது. அவ்வாண்டிலேயே உலக நலவாழ்வு நிறுவனம் தன் விதியை மாற்றி, ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தொற்று உறுதியானதும் மருந்து தொடங்க வேண்டும் என்று அறிவித்தது. இத்தாமதம் எத்தனை உயிருக்குச் சமம் என்பதை இக்கணக்கு நமக்குச் சொல்கிறது.

அடுத்தது, தடுப்பூசி பற்றிய செய்தி. கிருமியோடு பிறந்த அமெரிக்கச் சிறுவர்கள் தட்டம்மைத் தடுப்பூசியை உரிய காலத்தில் போட்டுக்கொண்டவர்களே. எனினும் பதின்பருவத்தில் சோதித்துப் பார்த்தபோது, தட்டம்மையைத் தடுக்கும் ஆற்றல் நூற்றுக்கு 57 பேரிடம் மட்டுமே இருந்தது. கிருமியின்றிப் பிறந்தோரிடம் இது நூற்றுக்கு 99. காரணம் என்ன? கூட்டு மருந்து தொடங்குவதற்கு முன், உடலின் எதிர்ப்பாற்றல் நலிந்திருந்த வேளையில் போடப்பட்ட ஊசி உடலில் பதியவில்லை. கூட்டு மருந்து தொடங்கிய பிறகு மீண்டும் ஊசி போட்டுக்கொண்டவர்கள் பாதுகாப்புப் பெற்றனர். ஊசி போட்டதாக அட்டையில் எழுதியிருப்பதும் உடலில் காப்பு இருப்பதும் வேறு வேறு என்பதை நெடுங்காலம் பின்தொடர்ந்ததால்தான் அறிய முடிந்தது.

மருந்தின் துணையால் வளர்ந்த இளைஞர்களிடம் எலும்பின் அடர்த்தி சற்றுக் குறைந்தும், குருதியில் கொழுப்பு மிகுந்தும் காணப்படுவதுண்டு என்பதும் தெரியவந்தது. ஆயினும் மருந்துக் குறையைக் காட்டிலும் பெரிய இடர் வேறொன்றாக இருந்தது. சிறு வயதில் தாயோ பாட்டியோ கையில் கொடுத்த மாத்திரையை ஒழுங்காக விழுங்கிய பிள்ளை, பதினைந்து பதினாறு வயதில் அதை ஒதுக்கத் தொடங்குகிறது. ஏன்? தனக்கு என்ன நோய் என்பதை யாரும் அதனிடம் சொல்லவில்லை. சொன்னவர்களும் வெளியே சொல்லாதே என்று அச்சுறுத்தியே சொன்னார்கள். நண்பர் கண்ணில் படாமல் மாத்திரை விழுங்க விடுதியில் இடமில்லை. பள்ளி செல்லும் வயதில், ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குள், பிள்ளையின் அறிவுக்கு ஏற்ற வகையில் படிப்படியாக உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2011-இல் அறிவுறுத்தியது. உண்மை தெரிந்த பிள்ளை நொறுங்கிவிடும் என்னும் பெரியவர்களின் அச்சம் பெரும்பாலும் பெரியவர்களின் அச்சமே.

இனி, கிருமியின்றிப் பிறந்தோர் பற்றி. சிம்பாப்வே நாட்டின் அராரே நகரில் 1997 முதல் ஏறத்தாழ 14,000 தாய்சேய் இணைகளைச் சேர்த்து ஓர் ஆய்வு நடத்தப்பெற்றது. அப்போது அங்கு மருந்து இல்லை. தாய்க்குக் கிருமி இல்லாத குழந்தைகளில் இரண்டு வயதுக்குள் இறந்தோர் நூற்றுக்கு 2.9. தாய்க்குக் கிருமி இருந்து, தமக்குத் தொற்றாத குழந்தைகளில் இறந்தோர் நூற்றுக்கு 9.2. கிருமி இல்லை, ஆயினும் சாவு மும்மடங்கு! தாய் நோயுற்றால் குழந்தைக்குப் பால் குறைகிறது, கருப்பையில் தாய் அளிக்கும் எதிர்ப்புச் சத்தும் குறைகிறது, வீட்டில் காசநோய் போன்றவை நுழைகின்றன, வருவாய் நிற்கிறது. தாய்மார் வாழ்நாள் மருந்து பெறத் தொடங்கிய பின் இந்த இடைவெளி சுருங்கியுள்ளது. தாயைக் காப்பதே சேயைக் காப்பது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தென்னாப்பிரிக்காவின் பார்ல் நகர்ப் பகுதியில் 2012 முதல் நடந்துவரும் மற்றொரு நெடுங்கால ஆய்வு, கிருமியின்றிப் பிறந்த இக்குழந்தைகளில் சிலர்க்கு இரண்டு வயதில் மொழி வளர்ச்சி பின்தங்கக் காண்கிறது. பிறர் சொல்வதைப் புரிந்துகொள்வதிலும், தாமே பேசுவதிலும் தாமதம் மிகுதியாக இருந்தது. இது அச்சுறுத்தும் செய்தியன்று. நமக்குப் பணி தரும் செய்தி. பேச்சுத் தாமதிக்கும் பிள்ளையை மந்தம் என்று பின்வரிசையில் அமர்த்துவதா, அல்லது மடியில் அமர்த்திக் கதை சொல்லிப் பேச வைப்பதா என்பது ஆசிரியர் கையிலும் வீட்டார் கையிலும் இருக்கிறது.

நெடுங்கால ஆய்வு நம் அவசர முடிவுகளைத் திருத்தவும் செய்கிறது. பிரான்சில் 1999-இல், கருவில் மருந்து பெற்றுத் தொற்றின்றிப் பிறந்த எட்டுக் குழந்தைகளுக்கு உயிரணுவின் ஆற்றல் மையமாகிய மைட்டோகாண்ட்ரியாவில் கோளாறு காணப்பட்டது, இருவர் இறந்தனர். உலகமே திடுக்கிட்டது. அமெரிக்காவில் 20,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவேடுகளை மீண்டும் ஆராய்ந்தபோது அத்தகைய இறப்பு எதுவும் காணப்படவில்லை. எனவே மருந்தை நிறுத்தாமலும், எச்சரிக்கையைக் கைவிடாமலும் பின்தொடர்வதே அறிவுடைமை என்று முடிவாயிற்று.

எண்கள் கற்பித்த பாடம்

இத்தகைய நிகழ்ச்சிகளுள் மாணவர்கள் சிறப்பாகக் கற்க வேண்டியது ஆப்பிரிக்காவின் போட்சுவானா நாட்டில் நடந்ததாகும். அந்நாட்டின் அரசு மருத்துவமனைகள் சிலவற்றில் 2014 முதல் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையையும் செவிலியர் தலை முதல் கால் வரை பார்த்துப் பதிவு செய்து வந்தனர். 2018 மே திங்களில் ஒரு செய்தி வெளியாயிற்று. டோலுடெக்ராவிர் என்னும் புதிய மருந்தை உட்கொண்டவாறே கருவுற்ற 426 தாய்மாரின் குழந்தைகளில் நால்வர்க்கு மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் குழாய் சரிவர மூடாத குறை காணப்பட்டது. நூற்றுக்கு 0.94. வழக்கமாக இக்குறை ஆயிரத்தில் ஒரு குழந்தைக்கே காணப்படும். உடனே உலகெங்கும் எச்சரிக்கை விடப்பட்டது. கருவுறும் வயதுடைய பெண்களுக்கு அம்மருந்தைக் கொடுப்பதில்லை என்று சில நாடுகள் முடிவு செய்தன. மற்றவற்றினும் வலிவான மருந்து, பக்கவிளைவு குறைந்த மருந்து, ஆண்களுக்கு உண்டு. பெண்களுக்கு இல்லை என்றாயிற்று.

அப்போது ஆப்பிரிக்கப் பெண்கள் வாளாவிருக்கவில்லை. 2018 சூலையில், கிருமியோடு வாழும் பெண்கள் பதினெட்டு நாடுகளிலிருந்து ருவாண்டாவின் கிகாலி நகரில் கூடினர். இடர் இன்னது, பயன் இன்னது என்று எங்களுக்கு விளக்கிச் சொல்லுங்கள். தேர்வு செய்யும் உரிமையை எங்களிடம் விடுங்கள் என்னும் கருத்தில் அறிக்கை விடுத்தனர். செவிலியரும் எண்ணுவதை நிறுத்தவில்லை. 2019-இல் கணக்கு 1,683-இல் ஐந்து ஆயிற்று. 2022-இல் 9,460-இல் பத்து ஆயிற்று. அதாவது நூற்றுக்கு 0.11. ஏனைய தாய்மாரின் குழந்தைகளில் காணப்படும் அளவும் ஏறத்தாழ இதுவே. அச்சம் நீங்கிற்று. 2019-லேயே அம்மருந்தை அனைவர்க்கும் முதன்மை மருந்தாக உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைத்திருந்தது. நம் நாட்டில் இன்று இலவசமாகத் தரப்படும் முதல்நிலைக் கூட்டு மருந்திலும் அதுவே உள்ளது. சிறிய எண்ணிக்கை எழுப்பும் ஐயத்தைப் பெரிய எண்ணிக்கை தீர்க்கிறது. ஐயத்தை மறைத்திருந்தாலும் தவறு. ஐயத்தோடு நின்றிருந்தாலும் தவறு. கணக்குப் பாடம் எதற்கு உதவும் என்று கேட்கும் மாணவர்கள் இந்நிகழ்ச்சியை நினைத்துக்கொள்ளட்டும்.

ஆராயப்படுவோரின் உரிமை

இவ்வளவு சொன்ன பிறகு, உங்கள் மனத்தில் எழும் ஒரு கேள்வியை நானே எழுப்புகிறேன். ஆய்வுக்கு உள்ளாவோர் யார்? அமெரிக்க ஆய்வில் பங்கு பெற்ற பிள்ளைகளுள் பெரும்பாலோர் கறுப்பின மக்களின் பிள்ளைகள். ஏழை மக்கள் உடலைக் கொடுக்க, பிறர் பயனைப் பெறுவதா என்று கேட்பது நியாயமே. அக்கேள்விக்கு வரலாற்றில் அடிப்படையும் உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டசுகீகி என்னும் இடத்தைச் சூழ்ந்த பகுதியில் 1932 முதல் 1972 வரை நாற்பது ஆண்டுகள் ஓர் ஆய்வு நடந்தது. கிரந்தி நோயுற்ற 399 கறுப்பின ஆண்களையும், நோயற்ற 201 பேரையும் அரசு நலத்துறை பின்தொடர்ந்தது. அவர்களுக்கு உண்மை சொல்லப்படவில்லை. பெனிசிலின் உரிய மருந்து என்று 1947-க்குள் தெளிவான பின்னும் அது கொடுக்கப்படவில்லை. மனைவியர்க்கும் நோய் பரவிற்று. பிள்ளைகள் நோயோடு பிறந்தனர். 1972-இல் செய்தித்தாள்கள் வெளிப்படுத்திய பின்னரே அது நின்றது. 1997-இல் குடியரசுத் தலைவர் கிளிண்டன் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கோரினார்.

அதுவும் நெடுங்கால ஆய்வுதான். இதுவும் நெடுங்கால ஆய்வுதான். வேறுபாடு எங்கே இருக்கிறது? அங்கு நோயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கு நோய்க்கு மருத்துவம் செய்துகொண்டே பார்க்கிறார்கள். அங்கு உண்மை மறைக்கப்பட்டது. இங்கு உண்மை சொல்லி, எழுத்தில் இசைவு பெற வேண்டும். அங்கு விலக வழியில்லை. இங்கு எந்நாளும் விலகலாம், விலகினாலும் மருத்துவம் நிற்காது. அங்கு அம்மக்களின் குரல் கேட்கப்படவில்லை. இன்றைய ஆய்வுகளில் பங்கேற்போரும் அவர்தம் குடும்பத்தாரும் அமர்ந்த ஆலோசனைக் குழுக்கள் உண்டு. இந்த வேறுபாடுகள் தாமே வந்தவை அல்ல. மக்கள் கேட்டதால் வந்தவை. நம் நாட்டிலும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, பெற்றோரின் இசைவு மட்டும் போதாது. ஏழு வயது முதல் பன்னிரண்டு வரை பிள்ளையின் வாய்மொழி இசைவும், அதற்கு மேல் பதினெட்டு வரை எழுத்து இசைவும் பெற வேண்டும். ஐயத்தால் கதவை அடைத்துக்கொள்வதும் வேண்டா. மயங்கிக் கைநாட்டு வைப்பதும் வேண்டா. படித்துப் பார்த்து, கேள்வி கேட்டுக் கையெழுத்திடும் தலைமுறையை உருவாக்கவே இச்சங்கம் தோன்றியது.

பள்ளியின் கதவு

தென்னாப்பிரிக்காவில் 1989-இல் கிருமியோடு பிறந்த சிறுவன் இங்கோசி சான்சன். பெற்ற தாயும் நோயுற, வளர்ப்புத் தாயிடம் வளர்ந்தான். 1997-இல் அவனைத் தொடக்கப் பள்ளியில் சேர்ப்பதற்கு எதிர்ப்பு எழுந்தது. வளர்ப்புத் தாய் போராடினார். அவன் பள்ளி சென்றான். நோயைக் காட்டிப் பிள்ளையை மறுக்கக்கூடாது என்னும் கொள்கைக்கும் அது வழிவகுத்தது. 2000 சூலையில் டர்பன் நகரில் கூடிய உலக எய்ட்ஸ் மாநாட்டில் பதினோரு வயதுச் சிறுவனாக எழுந்து நின்று, கருவுற்ற தாய்மார்க்கு அரசு மருந்து தர வேண்டும் என்று வேண்டினான். 2001 சூன் முதல் நாள் பன்னிரண்டாம் வயதில் மறைந்தான். அடுத்த ஆண்டு அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம், தாய்மார்க்கு மருந்து வழங்குமாறு அரசுக்கு ஆணையிட்டது.

ஒரு பிள்ளைக்குத் தனித் தட்டு, தனிக் குவளை, வகுப்பில் தனி மூலை என்று ஒதுக்குவது எத்தகைய கொடுமை என்பதை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பொதுக் குளத்து நீரை அருந்தும் உரிமைக்காக அண்ணல் அம்பேத்கர் 1927-இல் மகாத்தில் மக்களை அழைத்துச் சென்றதை ஆண்டுதோறும் நினைவுகூர்பவர்கள் நாம். எச்.ஐ.வி. தொடுவதால் பரவாது, சேர்ந்து உண்பதால் பரவாது, ஒரே குவளையில் நீர் அருந்துவதால் பரவாது, சேர்ந்து விளையாடுவதால் பரவாது. நமக்கு இழைக்கப்பட்டதை நாம் வேறொரு பிள்ளைக்கு இழைத்தோம் என்னும் பழி இச்சங்கத்துக்கு வரலாகாது.

சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. 2017-இல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், கல்வி நிலையத்திலும் வேலையிலும் மருத்துவமனையிலும் வேறுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. ஒருவரின் நிலையை அவர் இசைவின்றி வெளியிடலாகாது என்கிறது. பெற்றோரை இழந்த குடும்பத்தில், பன்னிரண்டு வயது நிரம்பி, பொறுப்பை உணரும் அறிவு முதிர்ந்த அண்ணனோ அக்காளோ, தம்பி தங்கையரைப் பள்ளியில் சேர்க்கவும் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லவும் காப்பாளராகச் செயற்படலாம் என்றும் அச்சட்டம் கூறுகிறது. தங்கையைப் பள்ளியில் சேர்க்க ஒரு சிறுமி வந்து நின்றால், பெரியவரை அழைத்து வா என்று திருப்பி அனுப்புவதற்கு முன் இவ்விதியை நினைவிற்கொள்ளுங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

இறுதியாகச் சில வேண்டுகோள்கள். கருவுற்ற ஒவ்வொரு பெண்ணும் தொடக்கத்திலேயே அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் இலவசமாகச் சோதனை செய்துகொள்ள வேண்டும். கணவனும் உடன் செல்ல வேண்டும். தொற்று இருப்பின் அன்றே மருந்து தொடங்கலாம். வாழ்நாள் முழுதும் அது இலவசம். பிறந்த குழந்தைக்கு ஆறாம் வாரத்தில் உரிய சோதனை செய்ய வேண்டும். தாயின் எதிர்ப்புச் சத்து பதினெட்டுத் திங்கள் வரை குழந்தையின் குருதியில் தங்கக்கூடும் ஆதலால், பதினெட்டாம் திங்கள் சோதனையே இறுதி முடிவைத் தரும். ஆறாம் வாரம் இல்லை என்று வந்துவிட்டது, போதும் என்று நின்றுவிடலாகாது. ஐயம் இருப்பின் 1097 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணில் எவரும் கேட்கலாம்.

விடுதி நடத்துவோர்க்கு ஒரு சொல். சேர்க்கைக்குக் குருதிச் சோதனைச் சான்று கேட்காதீர்கள். எந்தப் பிள்ளையும் கேள்விக்கு ஆளாகாமல் மாத்திரை உட்கொள்ளத் தனிமையும் நேரமும் கிடைக்கச் செய்யுங்கள். திங்கள்தோறும் மருந்து வாங்கச் செல்லும் நாளை, காரணம் எழுதச் சொல்லாமல் விடுப்பாகக் கொடுங்கள்.

ஆய்வாளர் நம் பகுதிக்கு வந்தால் இளைஞர்கள் ஐந்து கேள்விகளைக் கேட்க வேண்டும். எதற்காக இந்த ஆய்வு? எங்கள் பிள்ளைக்கு இதனால் வரும் நன்மை என்ன, இடர் என்ன? பெயர் வெளிவராமல் காப்பது எவ்வாறு? இடையில் விலகினால் மருத்துவம் தொடருமா? முடிவை எங்களிடம் வந்து எங்கள் மொழியில் சொல்வீர்களா? இவ்வைந்துக்கும் நேர்மையான விடை கிடைத்தால் ஒத்துழையுங்கள். அந்த ஒத்துழைப்பில்லாமல், முன்பு சொன்ன உண்மைகளில் ஒன்றுகூட உலகுக்குக் கிடைத்திராது. போட்சுவானாவில் பிறந்த குழந்தைகள் பதிவு செய்யப்பட்டதால்தான் இன்று நம் நாட்டுத் தாயும் அச்சமின்றி அம்மருந்தை உட்கொள்கிறாள்.

மாணவ மாணவியரே! ஆராயப்படுவோராக மட்டும் நாம் இருந்த காலம் முடிய வேண்டும். செவிலியராக, மருத்துவராக, புள்ளியியல் வல்லுநராக, சட்டம் அறிந்தவராக, கேள்விகளை எழுதுவோராக நீங்கள் வர வேண்டும். கிருமியோடு பிறந்த பிள்ளைக்கு மருந்து உண்டு. நீண்ட வாழ்வும் உண்டு என்பதை அறிவியல் காட்டிவிட்டது. அந்த நீண்ட வாழ்வில் ஒரு பள்ளியும், ஒரு தோழமையும், ஒரு வேலையும் இருக்கச் செய்வது நம் கடமை.